முதுகுக்குப் பின்னால் ஒரு கை

அறுந்த ஸ்பீக்கர் ஒயரை முறுக்கிச் சேர்த்து, டேப் சுற்றி, வேதமுத்து பிளக்கைச் செருகினார். ரேடியோ பாடவில்லை. அதுவாவது பழைய குறை. நேற்றுவரை எரிந்த டயல் விளக்கும் இப்போது எரியவில்லை.

"முன்னால வெளிச்சமாவது இருந்துச்சுங்க," என்றாள் சாராள்.

கல்யாணத்துக்கு அவள் அப்பா கொடுத்த ரேடியோ அது. கொரட்டூரில் அவர்கள் தெருவில் பாதிப் பேர் டி.வி.க்கு மாறியும் அவள் மாறவில்லை. ஞாயிறு மாலை அவள் தங்கை ஞானகுமாரி முதன்முதலாக ரேடியோவில் பாடுகிறாள். பக்கத்து ஊரான பாடியில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டும் வேதமுத்து, பொழுதுபோக்காக ரிப்பேர் வகுப்புக்குப் போகிற தைரியத்தில், "கடைக்கு இன்னாத்துக்கு? நானே பாக்குறேன்," என்று சொல்லிவிட்டார்.

முந்தின நாள், சொன்ன கையோடு, பிளக்கைப் பிடுங்காமல் கை வைத்தார். ஷாக் அவரை அலமாரிவரை தூக்கி எறிந்தது. சாராள் அழுத அழுகையில் பக்கத்து வீட்டு ஜமீலா ஓடிவந்தாள்.

அன்றோடு மனிதர் திருந்திவிட்டார். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் தொடுவார். காலில் ரப்பர் செருப்பு, செருப்புக்கடியில் மரப்பலகை, இரண்டு கையும் ஒன்றாகப் படக்கூடாதென்று இடக்கை முதுகுக்குப் பின்னால். பார்த்தால் வாத்தியாரிடம் தண்டனை வாங்கிய பையன் மாதிரி இருக்கும்.

"தப்பை முதல்ல உன் கையில தேடு" என்பது வகுப்பு வாத்தியார் வாக்கு. வேதமுத்து தேடினார். பல்பை மாற்றினார், எரியவில்லை. பல்பு ஒயரை மாற்றும்போது டயல் முள்ளை இழுக்கும் நூல் அறுந்தது. தையல் நூலைக் கட்டினார். முள் எதிர்ப்பக்கம் ஓடியது. எல்லாம் பூட்டியபிறகு சில திருகாணிகள் மிச்சம்.

சாராள் ஜமீலாவிடம் இரவல் வாங்கிய கரிப்பெட்டியால் அவர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"கரண்டு பெட்டி கீதே, இது எதுக்கு?"

"இதுலதான் மடிப்பு நிக்குது."

ஞாயிறும் வந்தது. பாட்டுக்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. கடைசியாக ஒருமுறை பிளக்கைச் செருகிப் பார்த்துவிட்டு, வேதமுத்து பலகைமேல் உட்கார்ந்துவிட்டார்.

"மாமா குடுத்தத பாழாக்கிட்டேன் சாரா. எனக்கு இது வராது."

அவர் கண் கலங்கி அவள் பார்த்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாட்டு போனா போவுது. நீங்க முழுசா கீறீங்க. எனக்கு அது போதும்."

சொல்லும்போது அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்போது ஜமீலா மூச்சிரைக்க உள்ளே வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

"தங்கச்சி பாடுற நேரமாச்சேக்கா. ஷாக்கடிச்ச அன்னிக்கு மீட்டர் பெட்டிலேர்ந்து கயட்டி, ஒளிச்சு வைன்னு என்னாண்ட குடுத்தியே பிளக் லைன் பியூசு கட்டை, இந்தா புடி. இது இல்லாம அண்ணாத்தே எப்டிக்கா ரேடியோவ பாட வெப்பாரு?"