மூன்று கம்பெனி, ஒரு சமையலறை

"கதவைப் பிடி லொரெய்ன்! நான் முதுகு ஒடிய நிக்கறேன், நீ அந்த ஜெல்லோ இனிப்பைக் கட்டிக்கிட்டு நிக்கறியே!"

"கீழ வெச்சா கொட்டிடும். இன்னும் உறையலை."

டெல்பர்ட் க்ரூபாவின் சமையலறை வாசலில், பக்கத்து வீட்டு ஓர்விலின் ஃப்ரிட்ஜ் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக மாட்டிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து டெல்பர்ட் இழுத்தார். வெளியேயிருந்து ஓர்வில் தள்ளினார். அது யாருக்கும் மசியவில்லை.

விஷயம் இதுதான். ஹோல்கம் ஃப்ரிட்ஜ் கம்பெனியின் விற்பனை அலுவலகத்தில் டெல்பர்ட் மேனேஜர். ஒஹையோவின் அந்த ஊரில், எந்தக் கம்பெனி சம்பளம் தருகிறதோ அதன் ஃப்ரிட்ஜ்தான் வீட்டில் நிற்க வேண்டும். சட்டமெல்லாம் ஒன்றுமில்லை. ஆனால் ஹோல்கம்காரன் வீட்டில் எதிரிக் கம்பெனியான பிரிம்லியின் ஃப்ரிட்ஜ் இருப்பது தெரிந்தால், பவுலிங் ஆடக்கூட அவனை எவனும் கூப்பிடமாட்டான். அப்படிப்பட்ட ஊரில், அந்த வாரம் பிரிம்லி கம்பெனி ஹோல்கமை முழுசாக வாங்கிப் போட்டது. அந்த வருஷங்களில் கம்பெனிகளுக்கு ஒன்றை ஒன்று விழுங்குவதைத் தவிர வேறு வேலையே இல்லை. இனிமேல் ஊருக்கு ஒரே விற்பனை அலுவலகம், ஒரே மேனேஜர் நாற்காலி.

அன்று காலையிலேயே வீட்டுக்கு ஃபோன் வந்தது.

"க்ரூபா வீடுங்களா? தலைமை அலுவலகத்துலேர்ந்து மிஸ்டர் டாலிவர் சனிக்கிழமை சாயங்காலம் சாப்பிட வராரு. சௌகரியப்படுமா?"

"தாராளமா வரட்டும்!" என்று கத்திவிட்டு டெல்பர்ட் ஃபோனை வைத்தார். எந்தக் கம்பெனியின் தலைமை அலுவலகம் என்று கேட்கத் தோன்றவில்லை. வாங்கினவன்தானே வருவான்!

"நாற்காலியை எனக்குக் குடுக்கலாமானு நோட்டம் பார்க்க வரான்," என்றார் மனைவி லொரெய்னிடம். "அவன் கண்ணுல முதல்ல பிரிம்லி ஃப்ரிட்ஜ் படணும், ஓர்வில் வீட்ல ஒண்ணு இருக்கு. வேலை போச்சுன்னா இந்த வயசுல என்னை எவன் எடுப்பான், சொல்லு?"

"அந்த டாலிவரைப் பத்தி ஒரு விஷயம் டெல்பர்ட்…"

லொரெய்ன் கடைத்தெருவில் ப்ரென்னர் கடையில் ஃப்ரிட்ஜ் விற்பவள். இந்தக் கம்பெனி, அந்தக் கம்பெனி என்று பார்க்காமல் எல்லாவற்றையும் விற்பாள். டெல்பர்ட்டைக் கேட்டால் அது கொள்கை கெட்ட பிழைப்பு.

"இது மேலிடத்து விவகாரம், உனக்குப் புரியாது. நீ கதவைப் பிடி."

கடைசியில் கதவையே கழற்றிவிட்டு ஃப்ரிட்ஜை உள்ளே ஏற்றினார்கள். டெல்பர்ட்டின் ஹோல்கம் ஓர்வில் வீட்டுக்குப் போனது. தரையில் விரித்திருந்த லினோலியம் நீளவாக்கில் கிழிந்தது. ஜெல்லோ ஒருபக்கமாகச் சரிந்தது.

வியாழக்கிழமை ரேடியோவில் அடுத்த குண்டு விழுந்தது. ரோஷம் வந்த ஹோல்கம், ஊரெல்லாம் கடன் வாங்கி, தன்னை வாங்கின பிரிம்லியையே திருப்பி வாங்கிவிட்டதாம்.

"இரு, இரு," என்றார் ஓர்வில். தபால் இலாகாவில் ஓய்வு பெற்றவர். எதையும் நிதானமாகப் பிரித்துப் பார்த்துப் பழகியவர். "யாரு யாரை வாங்கினது?"

"ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர்."

"அப்ப விக்கறதுக்கு மிச்சம் யாருப்பா இருக்கா?"

"அதெல்லாம் அவங்க பாடு. இப்ப ஹோல்கம் கை ஓங்கியிருக்கு. என் ஃப்ரிட்ஜைத் திருப்பிக் குடு."

"அதுக்குள்ள என் தூண்டில் புழு டப்பாவை வெச்சிருக்கேனே!"

"புழுவோட சேர்த்தே தூக்கு!"

"டெல்பர்ட்," என்றாள் லொரெய்ன், ஜெல்லோ பாத்திரத்தை மறுபடியும் நெஞ்சோடு அணைத்தபடி. "அந்த டாலிவர் ஹோல்கம் ஆளும் இல்லை, பிரிம்லி ஆளும்…"

"இப்ப எல்லாரும் ஹோல்கம் ஆளுதான். நகரு, நகரு!"

இந்தத் தடவை வாசல் நிலையில் பாதியும் டெல்பர்ட்டின் கால் கட்டைவிரலும் போயின. ஜெல்லோ கஞ்சியாகிவிட்டது.

சனிக்கிழமை மத்தியானம் டெல்பர்ட் கட்டைவிரலை ஐஸில் வைத்துக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். கடன் தாங்காமல் திணறிய ஹோல்கம், பிரிம்லி இரண்டையும் டெவ்ராக் கம்பெனி காலையில் ஒரே வாயில் போட்டுக்கொண்டதாகச் செய்தியில் சொன்னார்கள்.

டெல்பர்ட் அப்படியே எழுந்து வெளியே ஓடினார், ஒற்றைக் காலில்.

"ஓர்வில்! இந்த ஊர்ல டெவ்ராக் ஃப்ரிட்ஜ் யார் வீட்ல இருக்கு?"

"ஒரு வீட்லயும் இல்லை. சர்ச்சோட கீழ்த்தளத்துல ஒண்ணு இருக்கு. சாவி என்கிட்டதான்."

"கர்த்தரே!"

"அவரோடதுதான், ஆமா. ஆனா நாளைக்குக் காலையில ஆராதனைக்கு முன்னாடி திரும்ப வெச்சுடணும். இல்லேன்னா பெண்கள் சங்கத்துக்காரங்க என்னை உயிரோட விடமாட்டாங்க."

ஓர்விலின் பழைய டிரக்கில் கயிற்றால் கட்டி அதைக் கொண்டுவந்தார்கள். அதன் கதவில் 'சர்ச் சொத்து, கை வைக்காதீர்' என்று ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. சுரண்டிச் சுரண்டிப் பார்த்தும் வரவில்லை. டெல்பர்ட் அதன்மேல் ஒரு காலண்டரை மாட்டினார். ஹோல்கமைப் பின்கட்டில் தள்ளிவிட்டு அதில் இருந்ததையெல்லாம் அவசர அவசரமாக இதில் திணித்தார்.

"நான் சொல்றதை ஒரு நிமிஷம் கேட்டா என்ன?" லொரெய்னுக்கு நிஜமாகவே கோபம் வந்தது. "டாலிவர் என்கிட்ட…"

வாசலில் மணி அடித்தது.

டாலிவர் குண்டான, சிரித்த முகமான மனிதர். தூக்கின கூலிக்கு ஓர்விலும் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். மீட்லோஃப் இறைச்சியும் உருளைக்கிழங்கும் நன்றாகவே இருந்தன. ஜெல்லோவை மட்டும் லொரெய்ன் தம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள்.

"அட, டெவ்ராக்!" டாலிவர் ஃப்ரிட்ஜைப் பார்த்துவிட்டார்.

டெல்பர்ட் நெஞ்சை நிமிர்த்தினார். "எங்களுக்குக் கல்யாணம் ஆன நாளா இதே ஃப்ரிட்ஜ்தான் சார். வேற எதையும் வீட்டுக்குள்ள விட்டதில்லை."

"அப்படியா! இந்த மாடல் போன வருஷம்தானே வந்தது?"

ஓர்விலுக்குப் புரை ஏறியது. டாலிவர் எழுந்துபோய்க் கெச்சப் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தார். காலண்டர் கழன்று விழுந்தது. காகிதத்தைப் படித்தார். உள்ளே சர்ச்சின் திராட்சை ரச பாட்டிலைப் பார்த்தார். கெச்சப் பக்கத்தில் இருந்த டப்பாவின் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு மெதுவாக மூடினார்.

"புழு என்னோடது," என்றார் ஓர்வில்.

எல்லாம் போச்சு என்று டெல்பர்ட் தலையைக் கையில் தாங்கிக்கொண்டார். இருபது வருஷ உத்தியோகம் ஒரு புழு டப்பாவில் முடிகிறதே என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"சார், நான் விளக்கமா சொல்லிடறேன். அந்த நாற்காலி…"

"பதறாதீங்க. நான் ஆரம்பத்துலேர்ந்தே டெவ்ராக் ஆளுதான், ஆனா ஃப்ரிட்ஜ் பார்க்க வரலை." டாலிவர் உட்கார்ந்து துண்டால் வாயைத் துடைத்தார். பிறகு லொரெய்ன் பக்கம் திரும்பினார். "மேடம், கடைக்கு வரப்பல்லாம் கேட்டுட்டுத்தான் இருக்கேன். இன்னிக்காவது சரின்னு சொல்லுங்க. மூணு கம்பெனி ஃப்ரிட்ஜையும் விக்கத் தெரிஞ்ச ஆள் இந்த ஊர்ல நீங்க ஒருத்தர்தான். மேனேஜர் நாற்காலி உங்களுக்கு. கீழ யாரை வெச்சுக்கணும், யாரை அனுப்பணும்ங்கறதும் உங்க இஷ்டம்தான்."

டெல்பர்ட் மனைவியைப் பார்த்தார். இந்த வாரத்திலேயே முதல் தடவையாக, அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார்.

லொரெய்ன் கிழிந்த லினோலியத்தைப் பார்த்தாள், உடைந்த வாசல் நிலையைப் பார்த்தாள், கட்டுப் போட்ட கட்டைவிரலைப் பார்த்தாள்.

"சரி மிஸ்டர் டாலிவர், திங்கக்கிழமையே வந்துடறேன்," என்றாள். "இவரையும் வெச்சுக்கலாம். ஆனா விற்பனையில வேண்டாம், டெலிவரியில போடுங்க. ஃப்ரிட்ஜ் தூக்க நல்லாவே பழகிட்டார்."