மைக்கு மைனியும் வஞ்சிரம் டாக்டரும்

புதுக்கடை சந்திப்புக்கு செல்போன் டவர் வருவதற்கு வெகுகாலம் முன்பே தகவல் தொடர்பு வந்துவிட்டது. அதற்குக் கம்பி கிடையாது, கரண்டு வேண்டாம். காலை ஒன்பது மணிக்குத் தேங்காப்பட்டணம் பஸ்ஸிலிருந்து, மீன் நிறைந்த ஓர் அலுமினியச் சருவத்தோடு இறங்கும். அதன் பெயர் மைக்கு மைனி.

மைனி என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணி. அவர் யாருக்கு அண்ணி என்று யாரும் விசாரித்ததில்லை; சந்திப்புக்கே அண்ணி. ‘மைக்கு’ வந்த கதைதான் முக்கியம். ஒருமுறை கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்ட வந்தவர், மைனி மீன் விற்கிற சத்தத்தைக் கேட்டுவிட்டு, “இஞ்ச வேற ஒருத்தன் ஏற்கெனவே மைக்கு கெட்டியாச்சுல்லா? பொறவு என்னை எதுக்குக் கூப்பிட்டிய?” என்று கோபித்துக்கொண்டு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாராம்.

நான் அப்போது சந்திப்பில் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். ஆறு கணினிகள், ஒரு பிரிண்டர், பிளைவுட் தடுப்பு வைத்த கேபின்கள். என் கடை வாசலுக்கு நேர் எதிரேதான் மைனியின் இடம். ஒருநாள் உள்ளே ஒரு வெல்டர் வீடியோவில் கத்தார் கம்பெனி இன்டர்வியூவில் இருந்தார். வெளியே மைனி, “துடிக்குது மக்கா, துடிக்குது! வந்து பாரு, இப்பமும் துடிக்குது!” என்று முழங்கினார். திரையிலிருந்த அதிகாரி பதறிப்போய், அங்கே ஏதாவது விபத்தா என்று கேட்டார். வெல்டர் நிதானமாக, “நோ சார். சாளை” என்றார். வேலை கிடைத்துவிட்டது. எந்த நெருக்கடியிலும் கலங்காத ஆள் என்று நினைத்திருப்பார்கள்.

நான் வெளியே போய்க் கெஞ்சினேன். “மைனி, கொஞ்சம் மெதுவா விக்கப்பிடாதா?”

“மெதுவா சொன்னா நாலு பேருக்குக் கேக்குமாலே? ஒனக்க பெட்டிக்குள்ள இருக்கவனுக்குக் கேட்டுச்சுன்னா, அவனும் ஒரு கிலோ வாங்கிட்டுப் போட்டும்.”

மைனியின் கணவரை நாங்கள் அண்ணன் என்போம். சருவத்தைத் தூக்கி இறக்குவார், ஐஸ் வாங்கி வருவார், பக்கத்தில் நிற்பார். முப்பது வருட மணவாழ்க்கையில் வாய் திறக்க அவருக்கு இடைவெளி கிடைக்கவில்லை என்பது ஊர் அபிப்பிராயம்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டு மழைக்காலத்தில் ஒரு காலை, அயிலை மீனை எண்ணிப் போட்டுக்கொண்டிருந்த மைனி பாதி எண்ணிக்கையில் நின்றார். உலகத்தில் சத்தம் கேட்டுத்தான் ஆட்கள் ஓடிவருவார்கள். அன்று சத்தம் நின்றதைக் கேட்டு சந்திப்பே ஓடிவந்தது. சருவம் கவிழ்ந்து கிடந்தது. மைனியின் வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. வலது கையை இடது கையால் பிடித்து, யாருடையதோ போல உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்டோவில் தூக்கிப்போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூளையில் ரத்த அடைப்பு என்றார்கள். உயிர் தப்பியது. இரண்டு மாதத்தில் காலை இழுத்து இழுத்து நடந்தார். வலது கை வரவில்லை. பேச்சும் வரவில்லை. ஒரே ஒரு சொல்லைத் தவிர. அந்தச் சொல், ‘சவம்’.

குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்களுக்குச் ‘சவம்’ என்பது செத்த உடல் மட்டுமல்ல. கோபம், சலிப்பு, செல்லம், ஆச்சரியம் எல்லாவற்றுக்கும் அதுதான். கடவுள் மைனியிடமிருந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, கொஞ்சம் யோசித்து, அதிகம் தேவைப்படுகிற சொல்லை மட்டும் விட்டுவைத்திருந்தார்.

மைனியின் மகள் குவைத்தில் நர்ஸ். அவள்தான் எனக்குப் போன் செய்தாள். “அண்ணா, மெட்ராஸ்ல ஒரு ஆஸ்பத்திரியில வீடியோ வழியா பயிற்சி குடுக்காங்க. கைக்கு ஒருத்தரு, பேச்சுக்கு ஒருத்தரு. எனக்க அம்மைய அவ்வளவு தூரம் கொண்டுபோவ முடியாது. வீட்டுல கம்ப்யூட்டரும் இல்ல. ஒங்க கடையில வச்சு செய்யலாமா?”

மூன்றாவது கேபினை ஒதுக்கினேன். வாரத்தில் மூன்று நாள், காலை பத்தரை மணி. கைப்பயிற்சிக்கு வந்தவர் சாந்தமான மனிதர். அவரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பேச்சுப் பயிற்சிக்கு வந்தவர் வித்யா. சின்னப் பெண், பெரிய கண்ணாடி, சென்னைத் தமிழ். டாக்டர் இல்லை என்று அவர் எத்தனை முறை சொன்னாலும் எங்களுக்கு அவர் டாக்டர்தான்.

“வணக்கம்மா. எப்படி இருக்கீங்க?” என்றார் வித்யா.

“சவம்” என்றார் மைனி.

வித்யாவின் முகம் வெளுத்தது. “ஐயோ, யாரும்மா இறந்துட்டாங்க?”

நான் தலையை நீட்டி, எங்கள் ஊர் அகராதியை ஐந்து நிமிடம் விளக்கினேன். வித்யா எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு, “சரிம்மா, காலைல என்ன சாப்பிட்டீங்க?” என்று கேட்டார்.

“புட்டும் பயறும் டாக்டரே” என்று பக்கத்திலிருந்து குரல் வந்தது. அண்ணன்! “பயறு செரியா வேகல்ல. இவளுக்க தங்கச்சி வச்சது. அவ எப்பமும் அப்படித்தான், அடுப்புல வச்சிட்டு டிவி பாக்கப் போயிருவா...” முப்பது வருட பாக்கி, அணை திறந்த மாதிரி வந்துகொண்டே இருந்தது. மைனி இடது முழங்கையால் அவர் விலாவில் ஒன்று கொடுத்தார். “சவம்!”

“ஐயா, அவங்களுக்காக நீங்க பேசக் கூடாது. கொஞ்சம் வெளியே இருங்களேன்” என்றார் வித்யா.

அண்ணன் வெளியே வந்து வாசலில் நின்றார். டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். “அவ பேசாட்டி நானாவது பேசணும்னு நெனச்சேன் தம்பி. எனக்குப் பேச ஒண்ணுமே இல்ல, கேட்டியா. வீட்டுல சத்தமே இல்லாம கெடக்கு. இருக்க முடியல்ல.”

அது மின்வெட்டுக் காலம். கரண்டு போனால் என் யுபிஎஸ் பன்னிரண்டு நிமிடம் தாங்கும். பன்னிரண்டாவது நிமிடம் வித்யா வாயைத் திறந்தபடி திரையில் உறைந்துபோவார். மைனி அந்த உறைந்த முகத்தைப் பார்த்து அனுதாபத்தோடு ஒரு ‘சவம்’ சொல்வார். அப்புறம் மின்வாரியத்துக்கு ஒன்று. அதில் அனுதாபம் இருக்காது.

கைப்பயிற்சிக்காரர் கூரியரில் ஒரு கையுறை அனுப்பினார். உள்ளே சென்சார், வெளியே வயர். மாட்டிக்கொண்டு விரலை அசைத்தால் திரையில் ஒரு கை அசையும். மரத்திலிருந்து ஆப்பிள் விழும். அந்தக் கை பிடிக்க வேண்டும். மைனி இரண்டு ஆப்பிளை விழவிட்டார். மூன்றாவது விழும்போது கையுறையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டார். “வாழ்நாள்ல ஆப்பிள் புடிச்சவளா இவ?” என்றார் அண்ணன், அனுமதி இல்லாமல்.

எனக்கு அது சரியாகப் பட்டது. மறுநாள் காலை சந்தையில் இருந்த மீனையெல்லாம் என் போனில் படம்பிடித்து சென்னைக்கு மெயில் அனுப்பினேன். அடுத்த வாரம் திரையில் ஆப்பிளுக்குப் பதிலாக மீன் விழுந்தது. மைனி நிமிர்ந்து உட்கார்ந்தார். பெருவிரல் மட்டும் அசையவே இல்லை. ஆனாலும் சின்ன மீன்களை விட்டுவிட்டு, விலை போகிற பெரிய மீன்களுக்கு மட்டும் கையை நகர்த்தினார். கணக்குப்படி மதிப்பெண் குறைவு. வியாபாரப்படி நல்ல லாபம்.

வித்யாவும் அதே படங்களைப் பேச்சுப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டார். நான்கு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. மைனி வாயைத் திறப்பார், உதடு துடிக்கும், கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும், கடைசியில் ‘சவம்’ மட்டும் வரும். ஒருநாள் போகும்போது கேபின் கதவைச் சாத்திவிட்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினார். இனி வரமாட்டேன் என்று அர்த்தம். அண்ணன் எப்படியோ அடுத்த முறையும் கூட்டிவந்துவிட்டார்.

அன்றைக்கு வித்யா ஒரு பெரிய மீனைத் திரையில் காட்டினார். “அம்மா, இது உங்களுக்குத் தெரிஞ்ச மீன்தான். என்கூட சேர்ந்து சொல்லுங்க. வஞ்... வஞ்சிரம்.”

மைனி திரையை முறைத்தார்.

“வஞ்சிரம்மா. வஞ்சிரம்.”

மைனியின் கழுத்து நரம்பு புடைத்தது. இடது கை மேசையைத் தட்டியது. அடுத்த கேபினில் ஹால் டிக்கெட் எடுத்துக்கொண்டிருந்த பெண் எட்டிப்பார்த்தாள். “நெ...” என்றார் மைனி. “நெ... நெ...” முகமெல்லாம் வியர்வை. பிறகு, சந்திப்பில் பஸ்ஸுக்கு நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு சத்தம்.

“நெய்மீன்!”

வாசலில் நின்ற அண்ணன் உள்ளே ஓடிவந்து, எதற்கு வந்தோம் என்று தெரியாமல், கம்ப்யூட்டரைக் கும்பிட்டார். வித்யா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சரிம்மா, நெய்மீன். நான் சொன்னது தப்பு” என்றார்.

சென்னைக்காரர்களின் வஞ்சிரம்தான் எங்கள் ஊரில் நெய்மீன். வித்யா கெட்டிக்காரி. மருந்து எது என்று அன்றே பிடித்துக்கொண்டார். அடுத்த வகுப்பில் சாளையைக் காட்டி “மத்தி” என்றார். “சா... சாளை!” என்று பாய்ந்தார் மைனி. அயிலையைக் காட்டி “கானாங்கெளுத்தி” என்றார். அதற்கு மைனியிடமிருந்து வந்தது இரண்டு சொல்: “அயிலை. சவமே.” புதிதாக ஓர் ‘ஏ’ சேர்ந்திருந்ததை வித்யா பெரிய முன்னேற்றம் என்று குறித்துக்கொண்டார். அப்புறம் சந்தையிலிருந்து நிஜ மீன்களையே கொண்டுவந்து கேமரா முன்னால் ஆட்டி, மைனி பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டார். யார் யாருக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. என் மூன்றாவது கேபினுக்குள் அதற்குப் பிறகு பூனைகளைத் தவிர வேறு யாரும் விரும்பி வரவில்லை.

பெருவிரல் அசைய ஆறு மாதம் ஆனது. சொற்கள் நாற்பதைத் தொட்ட சமயம், திருவட்டாறிலிருந்து ஒரு பெண் கடைக்கு வந்தார். அவர் கணவர் தென்னை ஏறுகிறவர். மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பில் அடி, இடுப்புக்குக் கீழே அசைவில்லை. அதே ஆஸ்பத்திரி வீடியோவில் பயிற்சி தரத் தயார். ஆள்தான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருக்கிறார், யாரோடும் பேசுவதில்லை என்றார். நான் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே மைனி எழுந்து நின்றார். “பஸ்சு” என்றார்.

லேப்டாப்பும் டேட்டா கார்டும் எடுத்துக்கொண்டு நானும் போனேன். மைனி கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். மடங்கிக் கிடந்த வலது கையை அந்த ஆளின் முகத்துக்கு நேரே நீட்டினார். பெருவிரலை மெல்ல, மெல்ல விரித்தார். ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. நெற்றியில் வியர்வை வடிந்தது. அந்த ஆள் கண்ணை எடுக்காமல் பார்த்தார்.

“இது... ஆறு மாசம்” என்றார் மைனி. “லேய். ஒனக்கு... வாய்... இருக்கு.” மூச்சு வாங்கிக்கொண்டார். “சண்ட... போடு.”

அந்த ஆளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அழுதார். பிறகு லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி வைக்கச் சொன்னார். அவர் நடக்கவில்லை, அப்படியெல்லாம் அற்புதம் நடக்காது. ஆனால் தானே எழுந்து உட்கார்ந்து, தானே சக்கர நாற்காலிக்கு மாறப் பழகினார். ஒரு வருடத்தில் மூன்று சக்கர ஸ்கூட்டரில் போய் ரீசார்ஜ் கடை திறந்தார். பயிற்சிக்கு மட்டம் போட்டால் மைனியிடமிருந்து போன் வரும். ஒரு சொல்தான். அது போதும்.

மைனி மறுபடியும் சந்திப்பில் மீன் விற்க வந்தார். வலது கையால் சருவம் தூக்க முடியாது. தராசு இடது கைக்கு மாறியது. விலை சொல்ல நேரமானது. “நூ... நூத்தி...” என்று நிற்பார். எங்கள் சந்திப்பில் பஸ் முழுதாக நிற்பதற்குள் குதித்து இறங்குகிற ஜனம்தான் எல்லாம். ஆனால் மைனி விலையைச் சொல்லி முடிக்கும்வரை ஒருவரும் நடுவில் எடுத்துக்கொடுத்ததில்லை. அண்ணன் பக்கத்தில், வாயை இறுக மூடிக்கொண்டு, ஐஸைப் பார்த்தபடி நிற்பார். ஒருமுறை வெளியூர்க்காரர் ஒருவர் பொறுமையிழந்து, “நூத்தியிருவதா?” என்றார். “நூத்தி... நாப்பது” என்றார் மைனி. வெளியூர்க்காரர் அப்படியே வாங்கிக்கொண்டு போனார்.

எல்லாருடைய கைக்கும் இணையம் வந்ததும் என் கடைக்கு வேலையில்லாமல் போயிற்று. மூடிவிட்டு நாகர்கோவிலுக்கு வந்து வேறு வேலைக்குப் போனேன். மைனி வாரம் ஒருமுறை போன் செய்வார். எடுத்தால் முதலில் மூச்சு மட்டும் கேட்கும். பிறகு “மக்கா” என்பார். அதற்குப் பிறகு ஒரு நீண்ட இடைவெளி. அது “சாப்பிட்டியா” என்றுதான் வந்து முடியும், எனக்குத் தெரியும். ஆபீஸில் அதிகாரி எதிரே நின்றுகொண்டிருந்தாலும் சரி, அந்தச் சொல் தேங்காப்பட்டணத்திலிருந்து என் காதுக்கு வந்து சேரும்வரை காத்திருப்பதைவிட அவசரமான வேலை எனக்கு எதுவும் இருந்ததில்லை.