பேக்கர்ஸ் மன்றமும் கூட்டு போர்வெல்லும்

தேர்தல் நடத்துவது எப்படி என்று கல்லில் வெட்டி உலகுக்குக் கொடுத்த உத்திரமேரூர், ஆயிரம் ஆண்டு ஓய்வுக்குப் பிறகு, சென்ற ஆண்டு இன்னொரு கொடையை அளித்தது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள கிரீன் பே பேக்கர்ஸ் என்னும் கால்பந்து அணிக்குப் பாலாற்றுக்குத் தெற்கே முதல் ரசிகரை அது வழங்கியது.

அவர் பெயர் மோகன். மூன்று ஏக்கர் நெல் வைத்திருந்தார். கிரீன் பேயில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் அத்தை மகன் அந்த அணியின் ஜெர்சி ஒன்றை அனுப்பினான். பச்சையும் மஞ்சளும். அதைப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போன முதல் நாளே, பச்சையைப் பார்த்த விவசாயச் சங்கத்தார் தங்கள் மறியலுக்கு அவரை அழைத்துப் போய்விட்டார்கள். மாலைவரை உட்கார்ந்துவிட்டு வந்தார். கொண்ட நிறத்தைக் கைவிடவில்லை.

ஆட்டத்தையும் முறையாகக் கற்றார். அமெரிக்கக் கால்பந்தில் காலுக்கு வேலை குறைவு. பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடலாம், எறியலாம். நான்கு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் இன்னும் நான்கு முயற்சி கிடைக்கும். இல்லாவிட்டால் பந்து எதிராளிக்குப் போகும். அவ்வளவுதான். மீதி எல்லாம் ஒருவர் மேல் ஒருவர் விழுவது.

இவ்வளவு தெரிந்தும் மோகனுக்கு ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. பேக்கர்ஸ் மூன்று வாரம் தொடர்ந்து ஜெயித்தும் அவருக்குள் ஒன்றும் ஆகவில்லை. மனைவி சசிரேகாவிடம் சொல்லிப் பார்த்தார்.

"ஜெயிச்சிட்டாங்க சசி."

"யாரு?"

"பேக்கர்ஸ்."

"வூட்டு சாமான ஏத்திக்கினு போறவங்களா? அவங்க இன்னாத்த ஜெயிச்சாங்க?"

காரணம் டீக்கடையில் விளங்கியது. அங்கே இரண்டு நடிகர்களின் ரசிகர்கள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்திருந்தார்கள். இருவர் முகத்திலும் அப்படி ஒரு நிம்மதி. மோகன் டம்ளரை வைத்தார். தன்னிடம் அணி இருக்கிறது, ஜெர்சி இருக்கிறது, எதிரிதான் இல்லை!

பேக்கர்ஸுக்கு நூறாண்டுப் பகையாளி சிகாகோ பேர்ஸ், அதாவது கரடிகள். ஆனால் உத்திரமேரூர் வட்டத்தில் பேர்ஸ் ரசிகர் பணியிடம் காலியாக இருந்தது. எதிரி தேவைப்பட்டால் முதலில் பங்காளியைப் பார்ப்பது இந்தப் பக்கத்து வழக்கம். மோகனின் சித்தப்பா மகன் வசந்த்குமாருக்குப் பக்கத்திலேயே மூன்று ஏக்கர் இருந்தது. இருவருக்கும் ஒரே போர்வெல், ஒரே மோட்டார், ஆளுக்கு நான்கு நாள் முறை. ஆறு வருடமாக ஒரு சண்டைகூட இல்லை. ஊரில் இதுபற்றிக் கொஞ்சம் கவலை இருந்தது.

"வசந்து, ஒரு ஒத்தாச பண்ணுடா."

"சொல்லுண்ணா."

"நீ எனக்கு எதிரியாவணும்."

"ஆயிட்டா போச்சி. இன்னா விஷயமா?"

"சிகாகோன்னு ஒரு ஊரு கீது. அந்த டீமுக்கு நீ ரசிகன்."

"வூட்ல கீதாவ ஒரு வார்த்த கேட்டுக்கறேண்ணா. பொங்கலுக்கு வரப்போக இருக்குமா, இல்லியான்னு கேப்பா."

"அதெல்லாம் இருக்கும். இது ஆட்டத்துக்கு மட்டுந்தான்டா."

அன்றே இருவர் கொண்ட செயற்குழு கூடி, பகையை 'ஒருமனதாக' நிறைவேற்றியது. மோகன் பேக்கர்ஸ் மன்றம் என்று பேனர் வைத்தார். நடுவில் அவர் முகம் நான்கடிக்கு. மூலையில் ஆட்டக்காரர்கள், பாஸ்போர்ட் அளவில். 'பாலாறு கண்ட பனிப்புயலே!' என்று எழுதியிருந்தது. மறுநாள் எதிரே வசந்த்குமாரின் பேர்ஸ் மன்றப் பேனர் எழுந்தது. அதில் அவர் கரடியின் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றார்.

நியமனம் செய்யப்பட்ட ஒருவர் தன் பதவிக்கு இவ்வளவு உண்மையாக உழைத்ததை இந்த வட்டம் அதற்கு முன் கண்டதில்லை. வசந்த்குமார் விதிகளைப் படித்தார். ஆரஞ்சுக் கோடு போட்ட நீலச் சட்டை தைத்தார். இரு அணிகளும் ஆண்டுக்கு இரண்டு முறை மோதும். முதல் மோதலில் கடைசி உதையில் பேர்ஸ் ஜெயித்தது. மோகன் அந்த நொடியே போனை அணைத்தார். அணைத்த கையை எடுப்பதற்குள் வாசலில் ஆயிரம்வாலா வெடித்தது.

"டேய், எந்த வாசல்ல வந்து வெடி வுடற?"

"எதிரி வாசல்லதாண்ணா வுடணும்! நீதான எதிரியாவச் சொன்ன?"

"அண்ணான்னு கூப்புடாத!"

பேச்சு அன்றோடு நின்றது. ஊர் நிம்மதியாக மூச்சு விட்டது. கடைசியில் பங்காளிகள் பங்காளிகளாகிவிட்டார்கள்!

டிசம்பரில் மழை விட்டுப்போனது. நெல் பால் பிடிக்கிற நேரம். சரியாக அப்போது மோட்டாருக்குள் கம்பிச் சுருளான காயில் புகைந்தது. எதிராளியின் முறையில்தான் புகைந்தது என்று இரு மன்றங்களும் தனித்தனியே கண்டன அறிக்கை வெளியிட்டன. நிலம் வெடிக்க ஆரம்பித்தது. இன்னும் ஐந்து நாள் தண்ணீர் இல்லாவிட்டால் ஆறு ஏக்கரும் பதர்.

"நெல்லு பதராச்சின்னா இந்த ஜெர்சியத்தான் ஒலையில போடுவேன்," என்றாள் சசிரேகா.

மோகன் மெக்கானிக் டேனியலிடம் போனார். டேனியல் இருபது வருடமாகப் போர்வெல் மோட்டார் தூக்குகிறவர். அவருக்கு ஒரு விதி உண்டு.

"கூட்டு மோட்டாருன்னா ரெண்டு பங்காளியும் பக்கத்துல நிக்கணும் தம்பி. அப்பதான் சங்கிலி போடுவேன். மோட்டாரு உள்ள வுளுந்திச்சின்னா, வராதவன் என் சட்டையத்தான் புடிப்பான்."

"அவன் வர்ற எடத்துக்கு நான் வரமாட்டேண்ணே."

"அவனும் அதத்தான் சொல்லிட்டுப் போனான். திங்கக்கெழம காலைல எட்டு மணி. வுட்டா அடுத்த வாரந்தான்."

அந்தத் திங்கட்கிழமை காலையில்தான் இரண்டாவது மோதல். அமெரிக்காவின் ஞாயிறு இரவு இங்கே திங்கள் விடியலாக வந்து சேரும். மோகன் பச்சையில் வந்தார். வசந்த்குமார் நீலத்தில் வந்தார். மோகனின் போன் ஸ்டார்ட்டர் பெட்டிமேல் சாய்ந்து நின்றது. வசந்த்குமாருக்கு டேட்டா தீர்ந்திருந்ததால் வானத்தைப் பார்ப்பதுபோல் அதையே பார்த்தார்.

மோட்டார் தூக்குவது எளிமையான வேலை, கவனமாகச் செய்தால். முக்காலி நட்டு, சங்கிலியால் ஒரு பைப் உயரத்துக்கு இழுக்க வேண்டும். கீழே இருக்கும் பைப்பைக் கிளாம்ப் கவ்விக்கொள்ளும். மேலே வந்ததைக் கழற்றி ஓரம் வைத்துவிட்டு அடுத்ததை இழுக்கலாம். மொத்தம் பதினான்கு பைப். ஒன்பதைக் கழற்றி ஓரம் வைத்தபோது கிளாம்ப் போல்ட்டின் மரை போய்விட்டது.

"ஆளுக்கொரு ரெஞ்ச்சப் போட்டு அழுத்திப் புடிங்க," என்று கத்தினார் டேனியல். "வண்டியில வேற போல்ட்டு கீது, எடுத்தாறேன். கைய எடுத்தீங்க, மோட்டாரு பாதாளத்துக்குப் பூடும்!"

இருவரும் ரெஞ்ச்சோடு குனிந்தார்கள். தலைக்கும் தலைக்கும் ஒரு முழ இடைவெளி. போனில் கடைசி நிமிடம். பேக்கர்ஸ்காரன் ஒருவன் பந்தோடு பாய்ந்து கோட்டைத் தாண்டி விழுந்தான். பேக்கர்ஸ் ஜெயித்தது.

மோகனுக்குக் குதிக்க வேண்டும். முடியவில்லை. வசந்த்குமாருக்கு அந்தப் போனைத் தூக்கிப் போர்வெல்லுக்குள் போட வேண்டும். முடியவில்லை. போன் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மைதானத்தில் ஹெல்மெட்டைக் கழற்றிய ராட்சசர்கள் எதிரும் புதிருமாக நடந்து வந்தார்கள்.

"ண்ணா." ஐம்பது நாளுக்குப் பிறகு வந்த முதல் சொல்.

"இன்னா?"

"கட்டிப்புடிச்சிக்கினு கீறானுங்கோ."

"பாத்துக்கினுதான கீறேன்."

"எங்காளு உங்காளோட முட்டியத் தொட்டுப் பாக்கறான். வலி எப்டி கீதுன்னு கேக்கறான் போல."

"இப்பத்தான்டா அந்த முட்டிய ஒடிக்கப் பாத்தான்!"

"அதான் கேக்கறான். தோ, சட்டைய வேற மாத்திக்கறானுங்கோ."

"நீ கேக்காத. இத நான் தோய்ச்சி மூணு வாரமாவுது."

வசந்த்குமாருக்குச் சிரிப்பு வந்தது. ரெஞ்ச் ஆடியது. இருவரும் பதறி அழுத்திக்கொண்டார்கள்.

"ஒவ்வொரு வாட்டியும் இப்டித்தான் பண்ணுவானுங்களாண்ணா?"

மோகன் யோசித்தார். ஜெயித்தால் பேனருக்கு ஓடியிருக்கிறார்; தோற்றால் போனை அணைத்திருக்கிறார். "தெரியலடா. நான் இது வரிக்கும் பாத்ததே இல்ல."

"நானும் பாத்ததில்ல. வெடி வுடப் பூடுவேன்."

டேனியல் போல்ட்டோடு ஓடி வந்தார். "இன்னா, பேச்சு வந்துடுச்சா? பேசுங்க, பேசுங்க. கைய மட்டும் எடுக்காதீங்க."

மோட்டார் மேலே வந்தது, காயில் கட்டப்பட்டது, நான்காம் நாள் ஆறு ஏக்கரிலும் தண்ணீர் பாய்ந்தது. அன்று மாலை இரு மன்றங்களின் கூட்டுச் செயற்குழு கூடி, கடல்கடந்த அணிகளுக்கு ரசிகராக விரும்பும் பெருமக்களுக்காக ஒரு வழிமுறையை வெளியிட்டது. இருநூறு ஆட்டம் பார்த்தாலும் கிட்டாத அந்த ஞானம் எந்த ரசிகருக்கும் வாய்க்க ஒரே வழி: ஆட்டம் முடிகிற நேரத்தில் அவருடைய இரண்டு கைக்கும் ஒரு வேலையைக் கொடுத்துவிட வேண்டும்.