கங்காணி நடித்த துண்டுப் படம்

"துண்டுப் படம் முடிஞ்சிருச்சுங்க கங்காணி. இப்ப பெரிய படத்துக்குப் பேர் ஓடுது," என்றார் அட்டன் சினிமாக் கொட்டகை மேனேஜர் சிவசாமி.

பொன்னையாக் கங்காணி தலையில் அடித்துக்கொண்டார். டயகமவிலிருந்து வந்த பஸ் ஏற்றத்தில் மக்கர் பண்ணி நின்றதால் வந்த வினை. அவர் என்ன, பெரிய படம் பார்க்கவா வந்தார்?

அந்த நாளில் எந்தப் பெரிய படத்துக்கும் முன்னால் செய்திப் படம் ஒன்று, துண்டுப் படம் ஒன்று ஓட்டுவார்கள். சனங்களுக்கு அது இருட்டில் இடம் தேடுகிற நேரம். ஆனால் போன வருஷம் கொழும்புப் படக்காரர்கள் தேயிலையைப் பற்றித் துண்டுப் படம் பிடித்தது பொன்னையா ஆட்களை மேற்பார்வை பார்க்கும் தேயிலை மலையில். அதில் அவரும் இருந்தார். தோட்டத்தில் இதைக் கேட்டுப் புளித்துப் போகாத காது கிடையாது.

போன கிழமை கொட்டகலை முத்துலிங்கம் வீட்டிலிருந்து பொன்னையாவின் மகள் பூரணியைப் பெண் கேட்டு ஆள் வந்தது. பையன் கந்தப்பனுக்கு ரயில்வேயில் வேலை. இப்படியொரு இடம் தானாகத் தேடி வந்ததென்றால் படத்தின் மகிமைதான் என்று பொன்னையா முடிவு கட்டினார். "மொதல்ல என்னையப் படத்துல பாருங்க, அப்புறம் பொண்ணப் பாக்கலாம்," என்று சொல்லியனுப்பி, இன்று மனைவியோடு கிளம்பி, அப்பனையும் மகனையும் கொட்டகலையில் அதே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். பூரணி வீட்டில் இருந்தாள்.

"இடைவேளையில ஒருக்கா ஓட்டுங்க மேனேஜர். புள்ளயோட கல்யாண விசயம்."

சிவசாமி இரங்கினார். "ஓட்டலாம். ஆனா இடைவேளையில உள்ள ஒருத்தனும் இருக்க மாட்டான்."

காலிக் கொட்டகையில் சம்பந்திக்கு முன்னால் என்ன மரியாதை கிடைக்கும்? பொன்னையா நேரே டிக்கட் கிழிக்கிற மூக்கனிடம் போனார். "இடைவேளைக்குக் கதவத் தொறக்காத."

இடைவேளை வந்தது. தேத்தண்ணிக்கும் மற்ற அவசரத்துக்கும் ஓடியவர்கள் கதவில் முட்டிக்கொண்டார்கள்.

"யாருய்யா சாத்தச் சொன்னது?"

மூக்கன் பொய் பேசாதவன். "பொன்னையாக் கங்காணிங்க."

"காலையில வேலைக்குப் பேர் குடுக்குற பெரட்டுல பாக்குற மொகம் பத்தாதுன்னு இங்கயும் அடைச்சு வச்சுக் காட்டுறாரா?" என்றாள் அவருடைய தோட்டத்துக்காரி ஒருத்தி. கொட்டகை கொல்லென்று சிரித்தது.

அந்த முகமாவது தெரிந்ததா? திரையில் ஒரு கறுப்புக் குடை வந்தது. குடைக்குக் கீழே ஒரு கோட்டும் இரண்டு குச்சிக் கால்களும் தெரிந்தன. குடைக்குப் பின்னால் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பூரணி நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். அதோடு படம் முடிந்தது.

"ஒங்க கொடைதாங்க தெரியுது," என்றாள் அவர் மனைவி மீனம்மா. "நம்ம புள்ள நல்லாத் தெரியுறா."

கதவு திறந்ததும் கூட்டம் அவரைத் திட்டிக்கொண்டே பாய்ந்தது. முத்துலிங்கமும் மகனும் எழுந்து வெளியே போனார்கள். பொன்னையாவுக்கு அப்போதுதான் உறைத்தது. தன் பவுசுக்குப் பெற்ற பிள்ளையின் வாழ்க்கையை அல்லவா பலி கொடுத்துவிட்டார்! வாசலுக்கு ஓடினார்.

"அண்ணே, நான் பண்ணுன கூத்துக்காக எம் பொண்ண வேணாம்னு சொல்லிப்புடாதீங்க," என்று இரண்டு கையையும் கூப்பினார்.

"நான் என்னத்தச் சொல்றது?" என்றார் முத்துலிங்கம். "அந்தப் பொண்ணுதான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறவன் இவன். எங்க பாத்தேன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குறான்."

கந்தப்பன் தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கதவை ஒழுங்காகத் திறந்து வைத்துவிட்டு வந்த மூக்கன் அவனைக் கண்டதும் பழகிய ஆள் போலச் சிரித்தான்.

"என்னங்க தம்பி, இன்னைக்கு இவ்வளவு நேரம் இருந்துட்டீங்க? தெனமும் அந்தக் கொடைக்குப் பின்னால நிக்கிற புள்ள சிரிச்சு முடிச்சதுமே எந்திரிச்சுப் போயிருவீங்களே."