கல்மார்பனுக்குச் சோறு போட்டது யார்?

ஓடிக்கொண்டிருக்கிற படக்கதையை நிறுத்தி, கொஞ்ச நாள் கழித்துப் புது ஆட்களை வைத்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தால், ரசிகர்களுக்குக் கோபம் வரும். செனாவாங்கிலிருந்து வருகிற என் பேரப்பிள்ளைகள் இதைப் பற்றி மணிக்கணக்காக அடித்துக்கொள்வார்கள். பழைய அணி நல்லதா, புது அணி நல்லதா, தலைவன் மூஞ்சியை ஏன் மாற்றினான், அந்தப் பெண்ணை ஏன் அழவிட்டான். நான் மெல்ல எழுந்து வாசல் பக்கம் போய்விடுவேன். காது வலிக்கிறது என்று சொல்லிக்கொள்வது. உண்மையில் பயம். ரசிகர்களின் கோபத்துக்காகப் போலீஸ் சார்ஜன் முன்னால் கைகட்டி நின்றவன் நான்.

அப்போது மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம். லுக்குட்டுக்கும் புக்கிட் பெலண்டோக்குக்கும் நடுவில் எங்கள் ரப்பர்த் தோட்டம். கூலி வீடுகள் வரிசையாக ஒட்டி நின்ற நாலு லயத்தையும் சேர்த்து முள்கம்பி வேலி அடித்திருந்தார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மணி அடித்தால் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். காலையில் பால் எடுக்க மரம் வெட்டப் போகிறவர்களைக் கேட்டில் நிறுத்தித் தடவிப் பார்ப்பார்கள். ஒரு பிடி சோறுகூட வெளியே போகக் கூடாது. போனால் காட்டுக்குள் இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று சட்டம். எங்கள் லயத்து அஞ்சலையக்கா, "வயித்துல இருக்கிறதையும் எறக்கி வச்சுட்டுத்தான் போவச் சொல்வானுங்க போல" என்பார். (அந்த அம்மாளின் வாயிலிருந்து விழுந்ததையெல்லாம் எழுதி வைத்திருந்தால் நான் இன்றைக்குப் பெரிய எழுத்தாளன்.)

வேலிக்குள் அடைந்து கிடந்த எங்களுக்கு ஒரே பொழுதுபோக்கு, கிராணியாருக்குத் தபாலில் வருகிற தமிழ் வாரப் பத்திரிகை. கிராணியார் தோட்டத்துக் கணக்கர், யாழ்ப்பாணத்துக்காரர். தான் படித்து முடித்ததும் எனக்குத் தருவார். நான் மூன்றாம் வகுப்புவரை போனவன். மீதியைச் சோப்புக் காகிதத்திலும் சீனி மடித்து வந்த பேப்பரிலும் படித்துக்கொண்டேன். அதனால் லயத்தில் எனக்குப் 'புத்தகக்காரன்' என்று பெயர். மரம் வெட்டி, பால் கொட்டி, குளித்துவிட்டு வந்து, பெரட்டுக் களத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்று படிப்பேன். காலையில் பெயர் கூப்பிடும்போது நிற்காதவர்கள்கூட அப்போது வந்து நிற்பார்கள்.

அதில் வந்த படக்கதைக்குப் பெயர் 'காவல் ஐவர்'. உள்ளங்கையில் நெருப்பு வளர்க்கிற தணலன், பறக்கிற சிறகி, நரைத்த தாடியோடு ஒரு தலைவர், இன்னும் இரண்டு பேர். ஐந்து பேரும் முகமூடி போட்டுக்கொண்டு மலைக்காட்டில் கெட்டவர்களை அடித்து நொறுக்குவார்கள்.

ஆறாவது ஆள் வந்தது மண்டோர் முனியாண்டியால்.

மண்டோர் என்றால் எங்களுக்கு மரம் பிரித்துக் கொடுக்கிற மேஸ்திரி, அகலமான மனிதர். கதவில் நேராக நுழைய மாட்டார், ஒருக்களித்துத்தான் வருவார். அவருக்குப் பாக்கியம் என்று ஒரு மகள். கிராணியார் வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தாள். எனக்கு இருபத்திரண்டு வயது. இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. ஒருநாள் கதை நடுவில் மண்டோர் செருமிவிட்டுச் சொன்னார்:

"ஏந்தம்பி, இந்த அஞ்சு பேருல ஒருத்தனுக்காச்சும் ஆம்பள ஒடம்பு இருக்கா? எல்லாம் மரவள்ளிக் குச்சி மாதிரில்ல இருக்கானுங்க."

வருங்கால மாமனார் ஒன்று கேட்டால் இல்லை என்று சொல்ல வாய் வருமா? "இருக்காருங்க, அடுத்த பக்கத்துல வர்றாரு" என்றேன். அப்படிப் பிறந்தவன்தான் கல்மார்பன். பாறை மாதிரி நெஞ்சு. குண்டு பட்டால் குண்டு நசுங்கும். அடிக்கும் முன்னால் ஒரு செருமல் செருமுவான். ஒரு வேளைக்குப் பதினெட்டுத் தோசை. சொந்த ஊர் எது என்று யாரோ கேட்டார்கள். வாய்க்கு வந்தது புக்கிட் பெலண்டோக்.

களம் முழுக்கச் சிரிப்பும் கைத்தட்டலும். மண்டோர் மட்டும் சிரிக்கவில்லை. யாரோ தன்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொன்ன மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் வெட்டுவதற்கு எனக்கு மேடில்லாத, தட்டையான மர நிரை கிடைத்தது.

படத்தைக் காட்டு என்று கேட்பார்கள். மலைக்காட்டுக் கதையல்லவா, பக்கத்துக்குப் பக்கம் பாறை வரைந்திருக்கும். ஏதாவது ஒரு பாறையின்மேல் விரலை வைத்து, "இந்தா, முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு" என்பேன். அவர்களும் உற்றுப் பார்த்து, "ஆமா, தோள்பட்டையப் பாரு" என்பார்கள். எட்டு மாதம் இப்படி ஓடியது. அதில் கடைசி நாலு மாதம் பத்திரிகைக்காரர்கள் தொடரை நிறுத்திவிட்டார்கள். நான் நிறுத்தவில்லை. பழைய இதழைக் கையில் பிடித்துக்கொண்டு என் மண்டையிலிருந்து படித்தேன். அந்த நாலு மாதத்தில்தான் கல்மார்பன் யானையைத் தூக்கினான், வெள்ளத்தில் பாலத்துக்குப் பதிலாகப் படுத்துக்கொண்டான். அஞ்சலையக்கா கேட்டதற்காகச் சிறகி ஒரு தடவை கங்காணி ஒருவனைத் தூக்கிக்கொண்டுபோய்த் தென்னை மரத்து உச்சியில் வைத்துவிட்டு வந்தாள்.

பிறகு வந்தது இடி. 'காவல் ஐவர்: புதிய தொடக்கம்.' வேறு ஓவியர், கதையும் முதலிலிருந்து. தாடித் தலைவரைக் காணோம். கோடு போட்ட மாதிரி மீசை வைத்த வாலிபன் ஒருவன் தலைவன். தணலன் கண்ணாடி போட்டிருந்தான். எல்லோரையும் மலையிலிருந்து பட்டணத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். முழுப்பக்க அட்டைப் படத்தில் ஐந்து பேரும் தார் ரோட்டில் வரிசையாக நின்றார்கள். வெறும் ரோடு. மருந்துக்கு ஒரு பாறை இல்லை.

நான் அதை மறைத்து வைத்திருக்கலாம். ஆனால் பாக்கியம் கிராணியார் வீட்டிலிருந்து நேராகக் களத்துக்கே எடுத்து வந்து எல்லோருக்கும் காட்டிவிட்டாள். ஐம்பது பேர் விரல் விட்டு எண்ணினார்கள். ஐந்துதான் வந்தது. மறுபடி எண்ணினார்கள்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் நான் கேட்ட கருத்துகள் இருக்கின்றனவே, என் எதிரிக்கும் வேண்டாம். பல் விளக்கும்போது கருத்து. பால் கொட்டும்போது கருத்து. தணலனுக்குக் கண் கெட்டது நெருப்புப் புகையால் என்று ஒரு கட்சி. இல்லை, புது ஓவியருக்கே கண் சரியில்லை என்று இன்னொரு கட்சி. தலைவனின் மீசையைப் பற்றி இரண்டு அண்ணன் தம்பிகள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். சிறகி ஜன்னல் ஓரம் நின்று அழுவதைப் பார்த்து அஞ்சலையக்கா, "றெக்க இருக்கிறவ எதுக்குடி அழுவுறா, பறந்து போய்த் தொலைய வேண்டியதுதான" என்று படத்தையே திட்டினார். எல்லாக் கட்சியும் ஒன்றுசேர்ந்த ஒரே இடம் கல்மார்பன். அவனை வெட்டியது பெரிய அநியாயம். என்னால் அழவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை. இல்லாதவனை எப்படி வெட்டுவது?

"மனு போடுவோம்" என்றார் மண்டோர். எழுத வேண்டியது யார்? புத்தகக்காரன்தான். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். ஆனால் மண்டோர் என் தோளில் கை போட்டு, "நம்ம தம்பி எழுத்துல காரம் இருக்கும்" என்று சொல்லிவிட்டார். அந்தக் கையின் கனத்தில் உண்மை உள்ளேயே நசுங்கிப்போனது.

காரமாகத்தான் எழுதினேன். எங்கள் கல்மார்பன் எங்கே, அவரைக் காட்டுக்குள்ளேயே விட்டுவிட்டு மற்றவர்கள் பட்டணத்தில் உலவுவது நியாயமா, உடனே அவரை வெளியே கொண்டுவந்து தலைவர் பொறுப்பைக் கொடுக்காவிட்டால் இந்தத் தோட்டத்து மக்கள் சும்மா இருக்க மாட்டார்கள். கீழே ஐம்பத்துச் சொச்சம் கைநாட்டு. அதையும் எங்கள் வழக்கப்படி வட்டமாக வைத்தோம். தண்ணீர்க் குழாய்க்கு மனு போட்டாலும் கூரைக்கு மனு போட்டாலும் தோட்டத்தில் வட்டமாகத்தான் வைப்போம். வரிசையாக வைத்தால் முதல் கைநாட்டு வைத்தவனைத்தானே துரை கூப்பிடுவார்?

ஞாயிற்றுக்கிழமை அதை லுக்குட் தபால் கந்தோரில் போடச் சைக்கிளை எடுத்தேன். கேட்டில் காவலர் சட்டைப்பையைத் தடவினார். அரிசி தேடிய கையில் மனு கிடைத்தது. அவர் பிரித்துப் பார்த்தார். வட்டத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நீ கொஞ்சம் இங்கயே நில்லுலா" என்றார்.

மத்தியானத்துக்குள் ஜீப் வந்துவிட்டது. சார்ஜன் மலாய்க்காரர், அமைதியான மனிதர், அதுதான் அதிகம் பயமாக இருந்தது. எல்லோரையும் பெரட்டுக் களத்தில் நிறுத்தினார்கள். மொழிபெயர்க்கக் கிராணியாரை ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் கொண்டுவந்தார்கள். நான் படக்கதை என்று சொல்லிப் பார்த்தேன். சார்ஜன் கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டு, மற்றவர்களிடம் கேட்டார்: கல்மார்பன் என்பவனை உங்களுக்குத் தெரியுமா?

தெரியுமாவா? ஐம்பது பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். கடைசியில் நம்ம ஆளைப் பற்றி விசாரிக்க அரசாங்கமே வந்துவிட்டது என்று அவர்களுக்குச் சந்தோஷம். ஆள் எவ்வளவு உயரம் என்று ஒருவர் எம்பிக் காட்டினார். சுட்டாலும் சாக மாட்டான் என்றார் இன்னொருவர். ஊர் புக்கிட் பெலண்டோக் என்று பத்துப் பேர் ஒரே குரலில் சொன்னார்கள். சார்ஜன் எழுதிக்கொண்டே போனார். மண்டோர் முன்னால் வந்து, செருமிவிட்டு, ஒரு வேளைக்குப் பதினெட்டுத் தோசை என்று விவரம் கொடுத்தார்.

சார்ஜன் பென்சிலை நிறுத்தினார். "சியாப்பா பாகி மாக்கான்?"

கிராணியார் வேர்வையைத் துடைத்துக்கொண்டார். "அவனுக்கு ஆர் சாப்பாடு குடுக்கிறது எண்டு கேக்கிறார்."

அஞ்சலையக்கா, தெளிவாக, நிதானமாகச் சொன்னார்: "இதுவரைக்கும் யாரும் குடுக்கல. வந்தா நான் போடுவேன்."

கிராணியார் அதை மொழிபெயர்க்கவா வேண்டாமா என்று வாயைத் திறந்து மூடினார். சார்ஜனுக்கு அந்த அளவு தமிழ் தெரிந்திருந்தது. அவர் சொன்னது இதுதான்: அந்த ஆளை ஒப்படைக்கும்வரை நாலு லயத்துக்கும் ரேஷன் அரிசி நிறுத்தம். மனு எழுதியவன் இப்போதே ஜீப்பில் ஏற வேண்டும்.

அப்போதுதான் எல்லோருக்கும் விஷயம் உறைத்தது. "புத்தகத்துல வர்ற ஆளுங்க, தம்பி, புத்தகத்தக் காட்டு" என்று மண்டோர் கத்தினார். கிராணியார் முதன்முறையாக என்னை நேராகப் பார்த்தார்.

"என்ன தம்பி இது? நான் ஒரு இதழும் தவறவிடேல்லை. இப்பிடி ஒருத்தன் அதிலை வரேல்லையே."

பாக்கியம் ஓடிப்போய்க் கட்டுக் கட்டாகப் பழைய இதழ்களை எடுத்து வந்து சார்ஜன் முன்னால் வைத்தாள். அவர் ஒன்றைப் பிரித்து என் பக்கம் திருப்பினார். காட்டு என்றார். பழகிய விரல் பாருங்கள், தானாகப் போய் ஓர் இடத்தில் உட்கார்ந்தது.

"இதுதாங்க முதுகு."

சார்ஜன் குனிந்து பார்த்தார். கிராணியாரும் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "தம்பி," என்றார் மிகவும் மெல்ல, "இது பாறையெல்லே."

அவ்வளவுதான், உடைந்துவிட்டேன். கல்மார்பன் என்று யாரும் இல்லை, புத்தகத்திலும் இல்லை, காட்டிலும் இல்லை, யானை பொய், பாலம் பொய், பதினெட்டுத் தோசையும் பொய், எல்லாம் நான் கட்டிவிட்டது. சொல்லச் சொல்லக் கிராணியார் மொழிபெயர்த்தார். சார்ஜன் இதழ்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். வேறு வேறு பாறைகளைத் தொட்டு, "இனி? இனி?" என்று மலாயில் கேட்டார், இதுவா, இதுவா என்று. ஒவ்வொன்றுக்கும் நான் தலையாட்டினேன். கடைசியில் அவர் குறிப்புப் புத்தகத்திலிருந்து தாளைக் கிழித்து நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அரிசி பிழைத்தது. தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டேதான் ஜீப்பில் ஏறினார்.

களத்தில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. துக்க வீட்டிலிருந்து போகிற மாதிரி கலைந்து போனார்கள். அஞ்சலையக்கா மட்டும் நின்று, "அப்ப அந்தக் கங்காணியத் தென்ன மரத்துல வச்சதும் இல்லையா?" என்றார். இல்லை என்றேன். "அத மட்டுமாச்சும் விட்டு வச்சிருக்கலாம்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். மண்டோர் ஐந்து மாதம் என்னோடு பேசவில்லை. பொய் சொன்னதற்காக அல்ல. அத்தனை பேர் முன்னால் கல்மார்பன் இல்லை என்று சொல்லிவிட்டேனாம். மறுநாளே எனக்கு மேட்டு நிரை.

கோபம் ஆறியதும் தொல்லை இரட்டிப்பானது. கதை என்னுடையது என்று தெரிந்துவிட்டதல்லவா, இனிப் பத்திரிகைக்காரனைத் திட்டி என்ன பயன்? நேராக என் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். யானையைத் தூக்கியவன் ஏன் ஆற்றைத் தூக்கவில்லை? பதினெட்டுத் தோசைக்குச் சட்னி என்ன? பாக்கியத்துக்கு முதலிலேயே எல்லாம் தெரியுமாம். கிராணியார் வீட்டில் பெருக்கும்போது எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறாள். பிறகு ஏன் மனுவில் கைநாட்டு வைத்தாய் என்று கேட்டேன். "எது வரைக்கும் போவீங்கன்னு பாத்தேன்" என்றாள். அவளையே கட்டிக்கொண்டேன். வேறு யாரிடமும் இனிப் பொய் சொல்லிப் பிழைக்க முடியாது, இவளிடமும் முடியாது என்று தெரிந்துதான்.

கெடுபிடி குறைந்த பிறகு நடந்த கல்யாணம். பந்தியில் என் பக்கத்தில் ஓர் இலை காலியாக இருந்தது. ஆள் இல்லை, ஆனால் முழுச் சாப்பாடும் பரிமாறியிருந்தது. ரஹாங்கிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர் இது யாருக்கு என்று கேட்டார். மண்டோர் செருமினார்.

"காட்டுல நம்ம ஆளு ஒருத்தன் இருக்கான். மாப்பிள வழி சொந்தம்."

பரிமாறிய சோற்றை வீணாக்க வேண்டாம் என்று அந்த இலையையும் என்னையே சாப்பிட வைத்தார்கள். அஞ்சலையக்கா கரண்டியோடு நின்று, ஒரு வாய் விடாமல் பார்த்துக்கொண்டார்.

இன்றுவரை எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும் ஓர் இலை கூடுதலாக விழும், அதையும் சாப்பிட வேண்டியது நான்தான். போன மாதம் பேத்தி கல்யாணத்தில் பரிமாறிய பையனுக்கு விவரம் தெரியவில்லை. யாருக்கு என்று கேட்டான். மண்டபமே என்னைத் திரும்பிப் பார்த்தது. டாக்டர் எனக்குச் சோற்றைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். பாக்கியம் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

"அவருக்கே போடுய்யா" என்றாள். "அவந்தான் இல்லியாமே."