மூச்சு தங்காத மோட்டார் சைக்கிள்

கேசவமூர்த்தி மோட்டார் சைக்கிளுக்கு முன்னால் மண்டியிட்டு, பிளக் கழற்றிய துவாரத்தை இடது கட்டைவிரலால் பொத்திக்கொண்டு, உதைக்கட்டையை வலது கையால் அழுத்தினார். விரலைத் தள்ளிக்கொண்டு காற்று சீறி வர வேண்டும். வரவில்லை. தூங்கும் குழந்தையின் மூச்சுபோல ஏதோ விரலைத் தொட்டுவிட்டுப் போயிற்று.

"என்ன சாமி, வண்டியைக் கும்பிடறீங்களா?" பூக்கூடையோடு வாசலில் நின்றாள் சித்தம்மா.

"கும்பிடல்லேம்மா. இஞ்சின்லே மூச்சு தங்கறதான்னு பாக்கறேன். தங்கல்லே."

"பாவம்" என்றாள் சித்தம்மா. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

கேசவமூர்த்தி காட்டிலாகா கச்சேரியில் குமாஸ்தா. சீமைக்குத் திரும்பிய ஒரு துரை விட்டுப்போன வண்டி அது. மனைவி பத்மாஸினி தங்கையின் பிரசவத்துக்காக மேலுகோட்டை போய் நாற்பது நாளாகிறது. குழந்தைக்குப் பெயர் வைத்தாயிற்று. புதன்கிழமை நல்ல நாள், வந்து அழைத்துப் போகலாம் என்று மாமனார் எழுதியிருந்தார். இன்று ஞாயிறு.

மைசூரிலிருந்து மேலுகோட்டைக்குத் தினமும் பஸ் உண்டு. ஆனால் போன தடவை அவர் வண்டியில் போனபோது, ஸ்ரீரங்கப்பட்டணம் தாண்டிக் கரும்புத் தோட்டத்துக்குள் விழுந்து, தலையில் காய்ந்த கரும்புச் சோகையோடு மாமனார் வீட்டு வாசலில் போய் நின்றார். மாமனார் சிரித்தார். "அடுத்த தடவை இதே வண்டியிலேதான் உங்க பொண்ணை அழைச்சுண்டு போவேன்" என்று கேசவமூர்த்தி சொல்லிவிட்டார். நல்ல மனிதர்களுக்கும் வீறாப்பு வருகிறது. அவர்களுக்கு அது பொருந்துவதில்லை, அவ்வளவுதான்.

பத்மாஸினி ஊருக்குக் கிளம்பிய அன்று வண்டியின் இடது கைப்பிடியில் ஒரு மஞ்சள் துணியைச் சுற்றி இறுக்கி முடிந்தாள். "எங்க மேலுகோட்டைப் பெருமாள் செல்லப்பிள்ளைக்கு வேண்டிண்டிருக்கேன். நீங்க பத்திரமா வந்து சேர்ற வரைக்கும் அவிழ்க்கப்படாது."

கேசவமூர்த்தி நெகிழ்ந்துபோனார். இதுவரை அவள் வண்டியை 'அந்தச் சனியன்' என்று மட்டுமே அழைத்திருக்கிறாள். தினமும் சாப்பிடும்போது அவர் பிஸ்டனைப் பற்றியும் வால்வைப் பற்றியும் சொல்வார், அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு, "சாத்தமுது விடட்டுமா?" என்பாள். சுவரிடம் பேசுவதாகவே அவருக்குத் தோன்றும். இந்த நாற்பது நாளில் உண்மையாகவே சுவரிடம் பேசிப் பார்த்தார். அது சாத்தமுது விடட்டுமா என்று கேட்கவில்லை.

அதனால் அந்த முடிச்சுக்குத் தினமும் ஒரு முழம் மல்லிகை சுற்றினார்.

"நானே சுத்தறேன் சாமி" என்று சித்தம்மா முடிச்சைத் தொட்டுப் பார்த்து, இன்னும் இறுக்கிச் சுற்றினாள். "இன்னைக்கு ரெண்டு முழம். மேல ஒரு முழம் என்னோடது."

தேவராஜ மொஹல்லாவில் பட்டறை வைத்திருந்த கொள்ளேகாலத்து மல்லப்பன் விஷயத்தைக் கேட்டுக்கொண்டான். "பிளக் ஓட்டையில ஒரு கரண்டி எண்ணெய் ஊத்தி மறுக்கா அழுத்திப் பாருங்க சாமி. மூச்சு ஏறுச்சுன்னா ரிங் தேஞ்சிருக்குது. ஏறலீன்னா வால்வுங்க."

வீட்டில் இருந்தது பெருமாள் விளக்குக்கான நல்லெண்ணெய். பெருமாளுக்குக் கஞ்சத்தனமாக ஊற்றிப் பழகாதவர், இஞ்சினுக்கும் அப்படியே ஊற்றினார். மூச்சு ஏறவில்லை. சந்தேகம் தீர எழுந்து நின்று ஓங்கி ஓர் உதை உதைத்தார். புகைக்குழாய் வழியாக எண்ணெய் பீய்ச்சிக்கொண்டு போய், பக்கத்து வீட்டு ஜயம்மா பாயில் காயவைத்திருந்த வடாம் முழுவதையும் நனைத்தது.

"ஆழ்வாராதிகளே!" என்று ஜயம்மா ஓடி வந்தாள். "பொரிக்கறதுக்கு முன்னாடியே எண்ணெயா? யார் உம்மைக் கேட்டா?"

"மன்னிக்கணும். நானே பிழிஞ்சு தந்துடறேன்."

சொன்னபடியே, மூன்று நாள் லீவு போட்டுவிட்டு, திங்கட்கிழமை ஜயம்மாவின் அதட்டலுக்கு நடுவே நான்கு பாய் வடாம் பிழிந்தார். கை வலித்தது, மனம் லேசாயிற்று. ஆனால் ஒரு நாள் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை சிலிண்டரைக் கழற்றினார். வால்வு ஸ்பிரிங் தெறித்து மாடத்திலிருந்த துளசித் தொட்டிக்குள் புதைந்தது. அதைத் தோண்டி எடுத்து, துளசியிடமும் மன்னிப்புக் கேட்டு, சிலிண்டரை வேட்டியில் மூட்டை கட்டிப் பட்டறைக்குச் சுமந்தார்.

மல்லப்பன் வால்வைத் தேய்த்து உட்காரவைத்து, மேலே மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தான். "சொட்டுக்கூட ஒழுகலீங்க."

வீட்டுக்கு வந்து மாட்டினார். அழுத்தினார். மூச்சு இல்லை. மூன்று முழம் மல்லிகை சுற்றினார்.

அன்று பத்மாஸினியின் கார்டு வந்தது. 'சாயங்கால பஸ் சத்தம் கேட்டாலே வாசலுக்கு வந்துவிடுகிறேன். தங்கை கேலி பண்ணுகிறாள்.'

"பஸ்ஸாம்!" என்றார் கேசவமூர்த்தி சுவரிடம். "வண்டியிலே வரேன்னு நூறு தடவை சொன்னேன். நான் சொல்றது எதுதான் அவ காதிலே விழுந்திருக்கு?"

ஆனாலும் அந்தக் கார்டை நாலு தடவை படித்துவிட்டுப் பெருமாள் படத்துக்குக் கீழே வைத்தார். புதன்கிழமைக்காகத் தாழம்பூ வாங்கிப் புடைவைப் பெட்டியில் வைத்திருந்தார். அதன் வாசனை கூடம் முழுக்கப் பரவி, அவள் இல்லாததை இன்னும் பெரிதாக்கியது.

புதன் காலை மல்லப்பன் தானே வந்துவிட்டான். "மனசு கேக்கலீங்க சாமி. ஒருக்கா கண்ணுல பாத்துட்டுப் போறேன்." வண்டியைச் சுற்றி வந்தவன் இடது கைப்பிடியில் நின்றான். "இதென்னங்க, இந்தப் பக்கம் கல்யாண மாப்பிள்ளையாட்டம்?"

"என் ஆத்துக்காரி வேண்டிண்டு முடிஞ்சது. அதுக்கும் இஞ்சினுக்கும் சம்பந்தமில்லே."

மல்லப்பன் சுற்றியிருந்த பூவையெல்லாம் மெதுவாக விலக்கினான். உள்ளே மஞ்சள் துணி. துணிக்குள்ளே, கைப்பிடியோடு சேர்த்து இறுகக் கட்டியபடி ஒரு குட்டிப் பிடி.

"சாமி, இஞ்சினை நிறுத்தறதுக்கு வால்வைத் தூக்கிவிடற பிடியல்லோ இது? இதைக் கட்டிப்போட்டா உள்ள எப்படிங்க மூச்சுத் தங்கும்?"

கேசவமூர்த்தி குனிந்து பார்த்தார். ஓடாத வண்டியை நிறுத்தவேண்டிய அவசியம் வராததால், அந்தப் பிடியின் ஞாபகமே அவருக்கு வரவில்லை.

"பாவம், அவளுக்கு என்ன தெரியும்? பக்தியிலே கண்ட இடத்திலே முடிஞ்சுட்டா" என்றார் பரிவோடு. செல்லப்பிள்ளையை மனதில் சேவித்து, முடிச்சை அவிழ்த்துத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டார். உதைத்தார். முதல் உதையிலேயே இஞ்சின் படபடவென்று முழங்கியது. நல்லெண்ணெய்ப் புகை தெருவெல்லாம் அதிரச வாசனையைப் பரப்பியது. ஜயம்மாகூட ஜன்னலிலிருந்து கை காட்டினாள்.

தெருமுனையிலிருந்து சித்தம்மா கூடையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"அய்யோ, அவுத்துட்டீங்களா சாமி! 'தினமும் சாப்பாட்டு வேளையில அவர் சொல்லிச் சொல்லித்தான் எனக்கே தெரியும் சித்தம்மா. இந்தப் பிடியைக் கட்டிட்டா இஞ்சின்ல மூச்சு தங்காது, அவர் எங்கேயும் விழாம பஸ்ஸிலயே வந்து சேருவார், முடிச்சு தளராம பாத்துக்கோ'ன்னு அம்மா என்கிட்ட ஒப்படைச்சிட்டில்ல போனாங்க!"