பத்து வருஷத்துத் தாடை

"இவரைத் தெரியுமா, பாருங்க" என்று அந்த வெளியூர்க்காரர் கல்லாப்பெட்டி மேல் போட்டோவை வைத்தபோது, வலைக்கயிறு அளந்துகொண்டிருந்த கௌஸ் மைதீனின் கை அப்படியே நின்றுவிட்டது.

தெரியாமல் என்ன? போட்டோவில் இருந்தது அவரேதான்.

நேராக ஒரு முகம், பக்கவாட்டில் ஒரு முகம். இரண்டிலும் கீழ்த்தாடை மட்டும் முகத்தைப் பின்னால் விட்டுவிட்டுத் தனியாகக் கிளம்பியிருந்தது. அந்தத் தாடையைக் கௌஸ் மைதீன் தலைமுழுகிப் பத்து வருஷமாகிறது.

"தெர்லயே. யாரு இது?"

"பேரு மீரான். நான் டாக்டர் ஞானதாஸ், மெட்ராஸ். ஆபரேஷனுக்கு முன்னாடி எடுத்த இந்தப் படம்தான் கையில இருக்கு. எங்க பெரிய டாக்டர் இவருக்குப் பல்லுல கம்பி போட்டு, எலும்பை அறுத்துத் தாடையைப் பின்னால தள்ளி வெச்சாரு. பத்து வருஷத்துல அது வெச்ச இடத்துலயே நிக்குதா, மறுபடி முன்னால வந்திருச்சானு பாக்கணும். பழவேற்காட்டுல கல்யாணம்னு அப்பச் சொல்லியிருக்காரு."

மீரான் என்ற பொய்ப்பெயரை ஆஸ்பத்திரியில் கொடுத்த கெட்டிக்காரரும் கௌஸ் மைதீன்தான்.

"அப்பிடி யாரும் இந்த ஊர்ல இல்லீங்க."

டாக்டர் பையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார். நாகூரிலிருந்து கௌஸ் மைதீன் இந்த ஊருக்குப் பெண் பார்க்க வந்த அன்று, கதவுக்குப் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தது இன்னும் அவர் காதில் இருந்தது. பெண் உள்ளறையில் இருக்கிறாள், இது பக்கத்து வீட்டுக் குட்டிகள் என்று மாமனார் சமாதானம் சொன்னார். மாப்பிள்ளைக்கு மனம் ஆறவில்லை. பம்பாயில் வேலை என்று ஊருக்குச் சொல்லிவிட்டு மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் படுத்தார். கம்பி, கத்தி, கட்டிய வாய்க்குள் குழாய் வழியே கஞ்சி, எல்லாம் பட்டார். நேரான தாடையோடு நிக்காஹுக்கு வந்து, இங்கேயே வீட்டோடு மாப்பிள்ளையாகத் தங்கிவிட்டார். விஷயம் தெரிந்த மாமனாரும் போய்ச் சேர்ந்தாகிவிட்டது.

ஆனால் ஜைனம்பு? கல்யாணம் ஆன அன்றைக்கே அவர் முகத்தை உற்றுப் பார்த்து, "உங்களுக்குக் கூடப் பொறந்த அண்ணன் தம்பி உண்டா?" என்றாள். இல்லை என்றதும் பெருமூச்சு விட்டாள். அன்று முதல் அவர் சாப்பிடும்போதெல்லாம் ஓரக்கண்ணால் தாடையையே பார்ப்பாள். எதையோ மோப்பம் பிடித்துவிட்டாள் என்று அவர் பத்து வருஷமாகக் கையால் வாயை மறைத்தே மெல்லுகிறார். உண்மை தெரிந்தால் ஏமாற்றிக் கட்டிக்கொண்டவன் என்று முகத்தில் விழிப்பாளா?

"இன்னா பாய், அந்தாளு யாரு?" பக்கத்து டீக்கடை அங்கமுத்து எட்டிப் பார்த்தான். "நேரா ஒண்ணு, சைடுல ஒண்ணு. போலீஸ் போட்டோ மாரி கீது?"

கௌஸ் மைதீனுக்குப் பளிச்சென்று ஒரு யோசனை உதித்தது. போலீஸ் என்றால் ஊரில் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

"கடத்தல் கேசு. சி.ஐ.டி. யார் கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லு."

"டாக்டர்னு சொல்லிக்கினாரே?"

"அப்பிடித்தான் சொல்லுவாங்க."

அங்கமுத்துவின் கண் விரிந்தது. "பாய்! அவர் பையில வெள்ளையா ஒரு தாடை கீது. பல்லோட! எவனுதோ!"

அது மாவுக்கட்டு மாவில் வார்த்த தன் தாடையின் அச்சு என்று கௌஸ் மைதீனுக்குத் தெரியும். சொல்லத்தான் முடியாது.

பிடித்துக் கொடுத்தால் சர்க்காரில் ஏதாவது கொடுப்பார்கள் என்று யார் கிளப்பிவிட்டார்களோ, மதியத்துக்குள் சுண்ணாம்புக்குளத்துச் சுப்பராயலுவை நாலு பேர் தரதரவென்று இழுத்து வந்தார்கள். நண்டு வியாபாரி, பரம சாது. தாடை மட்டும் கொஞ்சம் நீளம்.

"நா இன்னா பண்ணேன் நைனா! நண்டு விக்கிறது தப்பா?"

டாக்டர் அவன் வாயைத் திறக்கச் சொல்லி, மாவுத்தாடையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இவர் இல்ல. ஆனா பரவால்ல, உங்களுக்கும் அறுத்துப் பின்னால தள்ளிடலாம்."

சுப்பராயலு நண்டுக்கூடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினான். கூடையிலிருந்த நண்டுகளும் ஆளுக்கொரு பக்கம் கிளம்பின. ஒரு பாவமும் அறியாதவனை இந்தப் பாடு படுத்திவிட்டோமே என்று கௌஸ் மைதீனுக்கு வெட்கமாக இருந்தது. நண்டைப் பொறுக்கிக் கூடையில் போட்டுவிட்டு நிமிர்ந்தால் டாக்டரைக் காணோம்.

"எங்கடா அவரு?"

"உங்க வூட்லதான் வுட்டுட்டு வந்தேன் பாய்" என்றான் அங்கமுத்து பெருமையாக. "உங்க வூட்டம்மாவுக்குத் தெரியாத ஆளா இந்த ஊர்ல?"

கௌஸ் மைதீன் ஓடினார். வயசுக்கும் உடம்புக்கும் ஒவ்வாத ஓட்டம். வாசலில் செருப்பு ஒன்று தெறித்தது, எடுக்கவில்லை.

உள்ளே ஜைனம்பு போட்டோவை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். கண் நிறையத் தண்ணீர். பேரைச் சொன்னதுமே ஏன் அழுகிறாள் என்று புரியாமல் டாக்டர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

தீர்ந்தது. இனி மறைத்து என்ன பயன்?

"ஜைனம்பு, மன்னிச்சிடு. மறைச்சது தப்புதான்."

அவள் நிமிர்ந்தாள். "அப்ப உங்களுக்கும் தெரியுமா?"

"தெரியாம இன்னா? நானும் உங்க வாப்பாவும் சேந்துதான் மறைச்சோம். உனக்குத் தெரிய வேணாம்னு."

"வாப்பாவுமா!" ஜைனம்பு தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு போட்டோவைத் தடவினாள். "இவரு பேரு மீரானாம். அதுகூட இன்னிக்கு இந்த டாக்டரு சொல்லித்தான் தெரியுது. என்னைப் பொண்ணு பாக்க வந்தது இவருதான். கதவுக்குப் பின்னால நின்னு பாத்தேன். புடிச்சுப் போய், சந்தோசம் தாங்காம சிரிச்சிட்டேன். நிக்காஹன்னிக்குப் பாத்தா வேற ஆளு உக்காந்திருக்கு. வாப்பா மானம் போயிடுமேன்னு பத்து வருசமா வாயத் தொறக்கல. இப்பவாச்சும் மறைக்காம சொல்லுங்க மச்சான், நீங்க யாரு?"